உள்ளே ஆள் இருக்கு

அன்று மேடையிலும் மேடையைச் சுற்றியும் இருந்தவர்களின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் பிணமாகப் படுத்திருந்தது நான், ஒவிதியோ கன்சானி. கட்டிலருகே நின்று பாடியது என் மகள் ஒர்னெலா. பியானோ வாசித்தது ஃபெர்மின். விளக்குகளைப் பார்த்துக்கொண்டது எவாரிஸ்டோ. மூன்றாவது வரிசையில், நகரத்தின் பெரிய ஓபரா அரங்கிலிருந்து வந்திருந்த தெயோதோரோ. மேடையின் முன்விளிம்பில் இருந்த பெட்டிக்குள் நெலிதா.

நெலிதா இருந்தாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது. எனக்கு வயது எழுபத்து நான்கு. புவெனோஸ் ஐரெஸில் நான்கு தலைமுறையாகப் பாடிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வாய்தான் எங்கள் சொத்து. அதில் பொய்யை வைத்துக் கெடுத்துக்கொள்ள மாட்டோம். அன்று வந்திருந்த எழுபது பேரைக் கேட்டால், "அருமையான நிகழ்ச்சி" என்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் நாற்காலியிலிருந்து பார்த்தார்கள். நான் கட்டிலிலிருந்து பார்த்தேன்.

நகரத்தின் பழைய பகுதியான சான் தெல்மோவில் இருக்கும் அந்தச் சின்ன அரங்கு என் தாத்தா கட்டியது. இப்போது வேறு கைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஜூலை குளிர்காலம். அப்போது அங்கே குறு ஓபராக்களின் விழா நடக்கும். ஒரு மாலைக்கு நான்கு. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எல்லாம் புதிதாக எழுதியவை. பத்து நாள் ஒத்திகை கிடைத்தால் பெரிது. அதனால் பாடுகிறவர்களுக்கு வரி மறந்துபோகும்.

"காதுல சின்னதா ஒரு கருவி வெச்சுடலாம் ஐயா. உள்ளேயிருந்து வரியைச் சொல்லிக்கிட்டே இருப்போம். யாருக்கும் தெரியாது," என்றாள் விழாவை நடத்திய பெண்.

"என் தாத்தா கட்டின மேடையில காதுல பூச்சியை விட்டுக்கிட்டு யாரும் பாட மாட்டாங்க. பெட்டியைத் திறங்க," என்றேன்.

பழைய அரங்குகளில் அந்தப் பெட்டி இருக்கும். மேடையின் முன்னால், நடுவில், தரையோடு தரையாக ஒரு கூடு. பார்வையாளருக்கு அதன் முதுகு மட்டும் தெரியும். அதன் வாய் மேடையைப் பார்த்திருக்கும். மேடைக்கு அடியில் குனிந்து போய், ஒரு குட்டைக் கதவு வழியாக அதற்குள் ஏறி உட்கார வேண்டும். உட்காருபவரின் வேலை, ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுப்பது. வரியின் முதல் சொல்லை அரைத் தாளம் முன்னால் கிசுகிசுப்பார். பாடுகிறவர் அதை வாங்கிப் பாடிக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தருவோம். பெட்டி கொடுத்தால் வாங்கு. யோசிக்காதே. யோசித்தால் தாளம் போய்விடும். ஒர்னெலா ஏழு வயதில் கற்றுக்கொண்டாள். அவள் உடம்பிலேயே அது ஊறிவிட்டது. எனக்கும்தான்.

அந்தப் பெட்டி பல காலமாகப் பலகை அடித்து மூடிக் கிடந்தது. எவாரிஸ்டோ ஆணிகளைப் பிடுங்கினான். நெலிதா ஒரு விளக்கும் மெத்தையும் கொண்டுபோய் வைத்தாள். நகரத்தில் இந்த வேலை தெரிந்த கடைசிச் சிலரில் அவள் ஒருத்தி. புகைபிடித்துப் பிடித்துத் தொண்டை கெட்டவள். நாலு வரிக்கு ஒருமுறை இருமுவாள்.

எங்களுடையது மூன்றாவது ஓபரா. ஒரே ஒரு பாடகி. ஒரு பிணம். இறந்த அப்பாவின் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி வருகிறது. அவரை அனுப்பி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. என் குரல் போய் இரண்டு வருடமாகியிருந்தது. பிணத்துக்குக் குரல் வேண்டியதில்லை. மகளோடு ஒரே மேடையில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒர்னெலாவுக்கு அந்த மாலைதான் எல்லாம். மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம் கிடைக்கவில்லை. அன்று நன்றாகப் பாடினால் அடுத்த பருவத்தில் பெரிய அரங்கில் இடம் என்று தெயோதோரோ வாய்விட்டே சொல்லியிருந்தார். என் அப்பாவுக்குப் பிறகு கன்சானி என்ற பெயர் அந்த மேடையில் ஒலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை. வெளியே ஆற்றுப் பக்கத்திலிருந்து மழைக்காற்று. நாங்கள் நால்வரும் மேடைக்குப் பின்னால் ஒரே குடுவையில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"உங்க வேஷத்துக்கு எதுக்கு அண்ணே ஒத்திகை? கொஞ்ச நாள் பொறுத்தா தானா வந்துடுமே," என்றான் எவாரிஸ்டோ.

"அப்போ உன்னைத்தான் தூக்கச் சொல்லுவேன். முதுகைப் பத்திரமா வெச்சுக்கோ," என்றேன்.

ஒர்னெலா சிரித்தாள். "அப்பா, போன ஒத்திகையில குறட்டை விட்டீங்க. இன்னைக்கு விட்டீங்கன்னா தலைகாணியை முகத்துல வெச்சு அமுக்கிடுவேன். கதைக்கும் பொருந்தும்."

"மகராசி, ஜன்னல் வரியை முழுங்கிடாதே," என்றாள் நெலிதா. "போன தடவை நான் மூணு தரம் கொடுத்தேன்."

"நீங்க கொடுத்தது இருமல் அத்தை. இருமலை எப்படிப் பாடறது?"

"கட்டில் மேல மஞ்சள் விளக்கு போட்டுறட்டா?" என்று எவாரிஸ்டோ கேட்டான். நாங்கள் மூவரும் ஒன்றாக அவனைத் திட்டினோம். மேடைக்கு மஞ்சள் ஆகாது. எங்கள் ஊரில் எந்த நடிகனும் மஞ்சள் நூல்கூட உடம்பில் இல்லாமல்தான் அரங்குக்குள் வருவான். அவனுக்கும் அது தெரியும். சீண்டுவதற்காகத்தான் கேட்டான்.

மேடையேறும் முன் வாழ்த்தினால் ஆகாது என்பதால் வழக்கப்படி யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கெட்ட வார்த்தையை மூன்று முறை சொல்லிக்கொண்டோம். நெலிதா சிகரெட்டை அணைத்துவிட்டு மேடைக்கு அடியில் இறங்கப் போனாள். அவள் படியில் குனிந்ததை நான் பார்த்தேன். அதுவரைதான் பார்த்தேன்.

ஏழு இருபதுக்குத் திரை விலகியது.

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் முன்பக்கம். பெட்டியின் வாய்க்கு நேர் எதிரே என் கண். இமையைக் கீற்றளவு திறந்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். பாடகி எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பெட்டிக்குள் விளக்கு எரியவில்லை.

மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். இருட்டில் எப்படி நோட்டுப் பார்ப்பாள்? ஆனால் முதல் சொல் சரியாக வந்தது. அரைத் தாளம் முன்னால். சுத்தமாக. ஒர்னெலா வாங்கிக்கொண்டாள். பாட ஆரம்பித்தாள்.

அவள் குரல் அன்று நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றவன் என்பதால் சொல்லவில்லை. மேல் சுருதியில் ஒரு இடத்தில் தெயோதோரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசைத் தலைகளுக்கு நடுவே அது எனக்குத் தெரிந்தது. பிணம் சிரிக்கக் கூடாது. அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

மேடைக்கு அடியிலிருந்து வந்தது. ஃபெர்மின் காலால் தாளம் போடுகிறான் என்று நினைத்தேன். ஆனால் அது தாளத்தில் இல்லை. நிற்கும். பிறகு அவசரமாகத் தட்டும். மறுபடி நிற்கும்.

நாலு வரி போயிற்று. எட்டு வரி போயிற்று. பெட்டியிலிருந்து இருமல் வரவில்லை.

ஜன்னல் வரி வந்தது. ஒர்னெலா அதை விழுங்கவில்லை. பெட்டி அந்தச் சொல்லைக் கிசுகிசுக்கவில்லை. பாடியது. மெல்ல, ஆழமாக, சுருதி பிசகாமல் பாடிக் கொடுத்தது. நெலிதாவுக்குப் பாட வராது. ஒரு சுரம்கூட வராது.

ஈரக் கம்பளி வாடை அடித்தது. கூடவே கற்பூர வாடை.

இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. பெட்டியின் விளிம்பில் ஒரு கை வந்து அமர்ந்தது. தாளம் காட்டுகிற கை. முதலில் விரல்கள் தெரிந்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு சட்டைக் கை...

மஞ்சள்.

எங்கள் அரங்கில். எங்கள் பெட்டியில். மஞ்சள்.

ஓபராவின் கடைசிப் பகுதி வந்தது. வாசலைப் பார்த்து மகள் பாட வேண்டிய வரி எனக்குத் தெரியும். "வண்டி வந்துவிட்டது, அப்பா." பெட்டி அதைக் கொடுக்கவில்லை. வேறொரு சொல்லைக் கொடுத்தது. "இத்தனை..."

ஒர்னெலா வாங்கிக்கொண்டாள். யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"இத்தனை நாள் நான் கொடுத்தேன்," என்று பாடினாள்.

அப்படி ஒரு வரி அந்த ஓபராவில் கிடையாது. ஃபெர்மின் ஒரு கணம் தடுமாறினான். நல்ல வாசிப்பாளன். பாடகி போகிற பக்கம் போனான். சுருதி இறங்கியது. அவள் குரலும் இறங்கியது. அவளுக்குக் கிடையாத ஆழத்துக்கு இறங்கியது. என் மகளின் குரல் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். அது முடிகிற இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்று..." என்றது பெட்டி.

"இன்று நீ கொடு," என்று பாடினாள் ஒர்னெலா.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் பாடிக்கொண்டிருந்தது. கண் பாடவில்லை. சின்ன வயதில் கடலில் கால் எட்டாத இடத்துக்குப் போய்விட்டு ஒருமுறை என்னை அப்படிப் பார்த்தாள்.

நான் எழவில்லை.

பிணம் எழக் கூடாது. கன்சானி ஏறிய மேடையில் நிகழ்ச்சி பாதியில் நின்றதில்லை. மூன்றாவது வரிசையில் தெயோதோரோ இருக்கிறார். நான் எழுந்தால் அவள் வாழ்க்கை முடிந்தது. இன்னும் இரண்டு வரி. இரண்டே வரி. முடிந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

முடியவில்லை.

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். பெட்டியைப் பார்த்து. இன்னும் ஓரடி.

கீழே டொக்... டொக்... டொக்... டொக்...

இப்போது எழலாம் என்று முடிவு செய்தேன். குடும்பப் பெயர் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். தோளை அசைக்கப் போனேன்.

பெட்டி எனக்கு ஒரு சொல் கொடுத்தது.

"படுத்திரு, ஒவிதீ."

அந்தச் செல்லப் பெயரால் என்னைக் கூப்பிட்டவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை.

பெட்டி கொடுத்தால் வாங்க வேண்டும்.

வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எழ முடியவில்லை. கை வரவில்லை. கால் வரவில்லை. கத்த வாய் திறக்கவில்லை. இமையை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஒர்னெலா மண்டியிட்டாள்.

பெட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

மஞ்சள் கை நீண்டது...

அவள் தொண்டையைத் தொட்டது. அழுத்தவில்லை. காய்ச்சல் பார்ப்பது போலத் தொட்டது.

கடைசிச் சுரம்.

நீண்டது...

நீண்டது...

ஒர்னெலாவின் வாய் மூடியிருந்தது.

விளக்குகள் அணைந்தன.

எவாரிஸ்டோதான் அணைத்திருந்தான். எதையும் பார்த்து அணைக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டே போனதால், ஏதோ தப்பு என்று அணைத்திருந்தான். விளக்கு திரும்பி வந்தபோது பெட்டி வெறும் இருட்டாக இருந்தது. என் கை கால் எனக்குத் திரும்பியிருந்தன. எழுபது பேரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நாடகத்தில் உள்ளது என்று நினைத்தார்கள். ஒர்னெலா என் கையைப் பிடித்துக்கொண்டு வணங்கினாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

தெயோதோரோ மேடைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அம்மா, இந்தக் கீழ்ச்சுருதியை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க? பேச்சே வேண்டாம். அடுத்த பருவம் நீங்க எங்க அரங்குல பாடறீங்க. சரியா?"

ஒர்னெலா வாயைத் திறந்தாள்.

"நான்..." என்றாள். கிசுகிசுப்பாக.

அதோடு நிறுத்திக்கொண்டாள். அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை அவர் சொல்ல வேண்டும் என்பது போல.

"களைச்சுப் போயிட்டா. நாளைக்குப் பேசலாம்," என்று நான் அவரை அனுப்பினேன்.

அப்போதுதான் நெலிதா மேலே ஏறி வந்தாள். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. முடியெல்லாம் ஒட்டடை. அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

"பெட்டிக்குள்ள யாரை அண்ணே உட்கார வெச்சீங்க?" என்றாள்.

"உன்னைத்தான்."

"நான் உள்ளேயே போகலை. கதவைத் தள்ளினேன், திறக்கலை. தட்டினேன். அரை மணி நேரம் அந்தச் சந்துல மண்டி போட்டுக்கிட்டுத் தட்டினேன். மேலே பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. யாரோ சரியா எடுத்துக் கொடுக்கறாங்க."

"மரம் மழைக்கு ஊறியிருக்கும். அதான் திறக்கலை," என்றான் எவாரிஸ்டோ.

"ஊறின மரம் பேசுமாடா?" நெலிதா தண்ணீரைக் கீழே வைத்தாள். "முதல் தட்டுக்கே உள்ளேயிருந்து பதில் வந்துச்சு. கக்கூஸ் கதவைத் தட்டினா சொல்லுவாங்களே, அப்படி. கோபமே இல்லாம. 'உள்ளே ஆள் இருக்கு'ன்னு."

எவாரிஸ்டோ கைவிளக்கை எடுத்துக்கொண்டு கீழே போனான். போனவன் உடனே திரும்பி வந்தான். கதவு இப்போது விரலால் தள்ளினாலே திறக்கிறது என்றான். உள்ளே நெலிதாவின் விளக்கும் மெத்தையும் வைத்த இடத்தில் இருக்கின்றன. வேறெதுவும் இல்லை.

"ஒண்ணு மட்டும் புரியலை அண்ணே. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளியேதான் இருக்கு. உட்காந்திருக்கிற ஆளை வெளியேயிருந்து எதுக்குத் தாழ் போடணும்?"

"பழைய கட்டடம்," என்றேன்.

டாக்டர்கள் ஒர்னெலாவின் தொண்டையைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். பெரிய அரங்கிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. பிறகு வருவது நின்றுவிட்டது. அரங்கில் பெட்டியை மறுபடி பலகை அடித்து மூடிவிட்டார்கள். எவாரிஸ்டோதான் அடித்தான். இந்த முறை நீள ஆணி.

ஒர்னெலா என்னோடுதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சிரிக்கவும் சிரிக்கிறாள். "அப்பா..." என்பாள். "தண்ணி..." என்பாள். எதையும் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வாள். மீதியை நாங்கள் சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

இதில் க்ளொதில்தே அத்தையின் பெயரை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். க்ளொதில்தே என் அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மேல் குரல் யாருக்கும் வாய்க்கவில்லை. பத்தொன்பது வயதில் மேடை விளக்கு வெடித்து முகம் போயிற்று. கன்சானி வீட்டுப் பெண்ணை ஊரார் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது என்று தாத்தா முடிவெடுத்தார். அவளைப் பெட்டிக்குள் உட்கார வைத்தார். சாகும்வரை அங்கே உட்கார்ந்து மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். ஒரு வரிகூடப் பாடவில்லை. அது கௌரவத்துக்காகச் செய்தது. தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

மஞ்சள் சட்டை அவளுடையதுதானா என்று கேட்கிறார்கள். அவள் மஞ்சள்தான் போடுவாள். வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். "பெட்டிக்குள்ள இருக்கறவளை யார் பார்க்கப்போறாங்க?" என்பாள். எனக்கு அப்போது ஆறு வயது. என்னைத் தூங்க வைப்பதும் அவள்தான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. ஒர்னெலாவுக்குக் குரல் போய்விட்டது, கன்சானி வீட்டில் பாட்டு நின்றுவிட்டது என்று தெருவில் பேச்சு அடிபடுகிறது.

அது உண்மை இல்லை. எங்கள் வீட்டில் தினமும் பாட்டு கேட்கிறது. விளக்கேற்றும் நேரத்தில் ஒர்னெலா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல்லைக் கொடுக்கிறாள். பாடுவது அவள் இல்லை.